காற்றடிக்கிற வெயக்காலத்தில் தீ: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் இராத்திரியில் மலையைப் பார்க்கிறவர்களுக்குச் சில நாள் ஒரு செந்நிறக் கோடு தெரியும். "மலை எரியுது" என்பார்கள். மறுநாள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதே கோடு ஒரு நாள் இருந்த இடத்திலேயே அவிந்து போகிறது, இன்னொரு நாள் விடிவதற்குள் ஒரு கரட்டையே (சிறு குன்றையே) தாண்டிவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று ஊர்க்கூட்டத்திலும் பால் சொசைட்டி வாசலிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் காங்கேயம் பக்கம் பண்ணையம் பார்க்கிறவன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது தடாகம் பள்ளத்தாக்கில். சமவெளித் தீயும் மலைத் தீயும் இரண்டுமே எங்கள் வீட்டுக் கவலைதான்.

காட்டுத்தீ என்பது மலையோரத்துக்காரர்கள் பிரச்சினைதானுங்களே? எங்களுக்கு என்ன?

நம் பேச்சில் "காடு" என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். "காட்டுக்குப் போயிருக்கார்" என்றால் புலி நடமாடும் வனத்துக்குப் போனதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மானாவாரி நிலத்துக்கு, சோளக்காட்டுக்கு, கடலைக்காட்டுக்குப் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். தீக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இருக்கும் கொரங்காடுகள், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்கள், வெயிலில் எப்படி நிற்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தரை முழுக்கக் காய்ந்த கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல மரங்கள், நாலு புறமும் கிளுவை வேலி. கிளுவை வெயக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும், அதன் அடியில் சருகு மண்டிக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். புல்லில் பிடித்த தீ வேலிக்கு வந்து, வேலியோடு இட்டேரியில் (இரண்டு வேலிக்கு நடுவே போகும் தடத்தில்) ஓடி, பக்கத்துத் தோட்டத்துச் சாளை (கூரை வீடு) வரைக்கும் போய்ச் சேரும். மேய்ச்சலை நம்பி மாடு வைத்திருப்பவருக்கு ஒரு கொரங்காடு எரிவது ஒரு வருடத் தீவனம் எரிவதுதான்.

அதே வெயில், அதே புல். ஒரு நாள் வைத்த தீ பிடிக்கவே மாட்டேன் என்கிறது, இன்னொரு நாள் கைமீறிப் போகிறது. ஏன்?

வெயிலை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காய்ந்த புல், சருகு, ஓலை எல்லாம் உயிர் போனவை. வேரிலிருந்து தண்ணீர் இழுக்க அவற்றால் முடியாது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் இருந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும், காற்று வறண்டால் உள்ளிருப்பதையும் விட்டுவிடும். விடிகாலையில் மிதித்தால் நமுத்துப்போய்ச் சத்தமில்லாமல் இருக்கும் அதே சருகு, மதியம் இரண்டு மணிக்கு அப்பளம் மாதிரி நொறுங்குகிறதல்லவா, அதுதான் இது.

கணக்காகச் சொல்கிறேன். காலையில் வெப்பம் 20 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு நீராவிகூடக் குறையவில்லை, வெப்பம் மட்டும் 35 டிகிரிக்கு ஏறுகிறது. ஈரப்பதம் 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், அதனால் இருப்பது போதாமல் அது எதிலிருந்தெல்லாம் முடியுமோ அதிலிருந்தெல்லாம் ஈரத்தை இழுக்கும். காலையில் பதினைந்து சதவீதத்தை ஒட்டி ஈரம் வைத்திருந்த மெல்லிய புல், மதியம் ஐந்தாறு சதவீதத்துக்கு வந்துவிடும். ஈரமான புல்லை எரிக்க வேண்டுமானால் தீ முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும், அதன் சூட்டில் ஒரு பங்கு அதிலேயே செலவாகிவிடும். ஐந்து சதவீதப் புல்லில் அந்தத் தடை இல்லை.

பருமனும் முக்கியம். பென்சில் பருமனுக்கு உட்பட்ட குச்சி, புல் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறிவிடும். விரல் பருமன் குச்சிக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கு. மணிக்கட்டுப் பருமன் கொம்புக்கு நூறு மணி நேரம், அடிமரத்துக்கு ஆயிரம். ஆகவே ஓடுகிற தீயைத் தீர்மானிப்பது எப்போதும் மெல்லிய பொருள்தான். "மரமெல்லாம் பச்சையாத்தானே நிக்குது" என்று நம்பி ஏமாறுகிறவர்கள் தரையைப் பார்ப்பதில்லை.

காற்று ஊதினால் விளக்கு அணைகிறது. காட்டில் மட்டும் ஏன் தீ வளர்கிறது?

ஒரு சிறு பையன் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. விளக்குச் சுடர் மிகச் சிறியது. ஊதும்போது திரியிலிருந்து எழும் ஆவியும் சூடும் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன, மறுபடி பற்ற அங்கே கனல் இல்லை. அடுப்பில் நிலைமை வேறு. ஊதுகுழலை வைத்து ஊதினால் கொழுந்துவிட்டு எரியும், ஏனென்றால் கங்கு இருக்கிறது, புதுக் காற்று அதற்குத் தீனி. காட்டில் எரிவது பத்து இருபது மீட்டர் நீளத்துக்கு அடுப்பு.

காற்றோட்டம் தருவது ஒரு வேலை. அதைவிடப் பெரியது, காற்று தீயின் சுவாலையைச் சாய்ப்பது. காற்றில்லாத நாளில் சுவாலை நேராக மேலே போகும், அதன் சூடும் மேலேயே போய்விடும். காற்று தள்ளும்போது சுவாலை முன்னால் படுத்து, இன்னும் எரியாத புல்லின்மேல் சூட்டை இறக்குகிறது. தீ வந்து தொடுவதற்கு முன்பே அந்தப் புல் உலர்ந்து, புகைந்து, பற்றத் தயாராக நிற்கும். பொறி பறப்பது இன்னொன்று. எரியும் பன்னாடைத் துண்டு, பனையோலைக் கீற்று, மூங்கில் பட்டை எல்லாம் காற்றில் எழும்பி, நீங்கள் வெட்டி வைத்த தடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்து புதுத் தீயைத் தொடங்கும். முன்னால் நின்று அணைத்துக்கொண்டிருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் தீ கிளம்புவது இப்படித்தான்.

எவ்வளவு வேகம் என்று கேட்பார்கள். மிகக் காய்ந்த நாளில், மரங்கள் அடர்ந்த வனத்தில் தீயின் முன்முனை காற்று வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகரும், திறந்த புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்கு என்பது இத்துறையில் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் கொரங்காட்டுத் தீ மணிக்கு 8 கி.மீ. ஓடும். நாம் வேகமாக நடப்பது 5 கி.மீ.தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று தீயைப் பரப்புவதோடு சில சமயம் மூட்டியும் விடுகிறது. தொய்வான மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பொறி தட்டுவதும், தென்னை மட்டை கம்பியில் விழுவதும் காற்று நாளில்தான். உங்கள் காட்டுக்கு மேலே கம்பி தொங்கினால் தை மாதத்திலேயே மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

கொங்குக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. நமக்குத் தீக்காலம் ஒன்றல்ல, இரண்டு. வெளியூரில் எழுதப்படும் எச்சரிக்கைகளில் இது சரியாக வருவதில்லை என்பது என் குறை.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்த தை முதல் சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் தையில் மஞ்சளாகிறது. மாசியில் இலையுதிர்காடுகள் தழையைக் கொட்டுகின்றன. நல்ல மழைக்கு அடுத்த வருடம் புல் அதிகம் இருப்பதால் தீயும் அதிகமாக வாய்ப்புண்டு. மழை நன்றாகப் பெய்ததே என்று நிம்மதியாக இருப்பது தப்பு. இந்தப் பருவத்தில் சத்தியமங்கலம், கடம்பூர், பர்கூர், போளுவாம்பட்டி, ஆனைமலை எல்லாமே காய்ந்து நிற்கும். மார்ச், ஏப்ரல் மதியங்கள்தான் உச்சம். பிறகு கோடை மழை ஒன்றிரண்டு இறங்கினால் மலை மூச்சுவிடும்.

இரண்டாவது ஆனி, ஆடி. மலையில் அப்போது தென்மேற்குப் பருவமழை, வால்பாறையில் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆனால் பல்லடம், தாராபுரம், காங்கேயம், மூலனூரில்? மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலமான வாய்க்கால் தண்ணீர் ஒரு மதகு வழியாகப் பாய்ந்தால் எப்படி வேகம் எடுக்குமோ அப்படி அந்த இடைவெளியில் மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, நெருக்கிப் பாய்கிறது. உடுமலை, பல்லடம், கேத்தனூர் பக்கம் இத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்று சொன்னவர்கள் தீயைப் பற்றி நினைத்தார்களோ இல்லையோ, மலை ஏறி இறங்கி வரும் காற்று நூறு மீட்டர் இறங்குவதற்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும், சூடேறினால் ஈரப்பதம் குறையும். மேகம் மூடி இருப்பதால் வெயில் உறைக்காது, மனசுக்கும் பயம் தோன்றாது. போன சித்திரை வரை மேய்ந்தும் மிஞ்சிய காய்ந்த புல் தரையில் அப்படியே நிற்கும். என் அனுபவத்தில் எங்கள் பக்கம் வேலித் தீயும் சோளத்தட்டுப் போர்த் தீயும் கைமீறியது ஆனி மாதத்தில்தான், சித்திரையில் அல்ல.

போன வாரம்தானே மழை பெய்தது?

மெல்லிய புல்லுக்கு ஒரு வாரம் என்பது அதிகம். நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் ஓரிரு நாளிலேயே மேல்புல் எரியத் தயார். மண்ணும் அடிமரமும் ஈரமாக இருக்கும், தீ ரொம்ப ஆழமாகப் போகாது. ஆனால் ஓடும்.

மலைச்சரிவில் தீ ஏன் அவ்வளவு பயங்கரம்?

சரிவில் தீ கீழே இருந்து மேலே ஏறும்போது, மேலே இருக்கும் புல் ஏற்கெனவே சுவாலையின் பக்கத்தில்தான் இருக்கிறது. காற்று சுவாலையைச் சாய்ப்பது என்று மேலே சொன்னேனே, இங்கே தரையே சாய்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் ஏறும் தீயின் வேகம் இரட்டிப்பாகும் என்று ஆஸ்திரேலியாவில் வகுத்த கணக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இருபது டிகிரிச் சரிவில் நாலு மடங்கு. இதோடு பகலில் மலை சூடாவதால் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கிக் காற்று ஏறும், இராத்திரி குளிர்ந்து மேலிருந்து கீழே இறங்கும். பகலில் சரிவும் காற்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன.

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது நமக்கு அந்நியமானது அல்ல. மலையேறப் போயிருந்த இரண்டு குழுவில் ஒன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். மதியம், காய்ந்த புல் மூடிய செங்குத்தான சரிவு, காற்று. 23 பேர் இறந்தார்கள். அந்தப் பெயர்களில் சில நம் ஊர்க் கோயில் கும்பிடுகிற வீடுகளைச் சேர்ந்தவை. வெயக்காலத்தில் யாராவது "மலைக்கு ஒரு டிரெக்கிங் போலாமா" என்று கேட்டால் நான் இன்றும் அதை நினைத்துக்கொள்கிறேன். அனுமதி இருக்கிறதா, வனத்துறை ஆள் கூட வருகிறாரா, இறங்கும் வழி எது என்று கேட்காமல் எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

தீயில் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் போவது?

மேலே ஓடாதீர்கள். மனசு மேடு பார்த்துத்தான் ஓடச் சொல்லும், தீ நம்மைவிட வேகமாக மேடு ஏறும். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று புகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதற்குக் குறுக்காக, பக்கவாட்டில், முடிந்தால் சரிவில் இறங்கியபடி விலகுங்கள். ஒடுங்கிய ஓடைப் பள்ளத்துக்குள் நுழையக் கூடாது, அது புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். ஏற்கெனவே எரிந்து கருகி ஆறிய தரை, பாறைப் பரப்பு, உழுத வெறும் மண், தண்ணீர் உள்ள குட்டை, இவைதான் தஞ்சம். எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இருக்காது. புகை முகத்தில் அடித்தால் தரையோடு தாழ்ந்து, பருத்தித் துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நைலான் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.

காற்றுத் திசை மாறுவதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். தீயின் முன்முனை குறுகலாக இருக்கும், பக்கவாட்டு நீளமாக இருக்கும். கோவைப் பக்கம் பங்குனி, சித்திரைச் சாயங்காலத்தில் பாலக்காட்டிலிருந்து குளுகுளுவென்று ஒரு மேகாத்து வருமே, நமக்கு அது சுகம். தீ அணைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அதுவரை சாதுவாக இருந்த நீளமான பக்கவாட்டு முழுவதும் திடீரென்று முன்முனையாக மாறும் நேரம்.

கரும்புச் சோகை, வேலி முள், தோட்டத்துக் குப்பை. எரிக்காமல் எப்படிங்க முடியும்?

என் கருத்து: எரிக்காமல் இருப்பதுதான் நல்லது. சோகையைத் தூளாக்கி வரிசைக்கு நடுவே மூடாக்குப் போட்டால் தண்ணீர் மிச்சம், களை குறைவு, மண்ணுக்கு உரம். கோபி, சத்தி பக்கம் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தூளாக்கும் எந்திரம் வாடகைக்கும் கிடைக்கிறது. ஆனால் ஆள் கிடைக்காத கஷ்டமும் எனக்குத் தெரியும், சும்மா அறிவுரை சொல்லிவிட்டுப் போக மனசில்லை. எரித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் இதையாவது கேளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்கிற நாம் வானிலையில் தீ வைக்கும் நேரம் பார்ப்பதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வட்டார வாரியாகத் தரும் முன்னறிவிப்பில் மழையோடு ஈரப்பதம், காற்று வேகம், திசை எல்லாம் இருக்கும். மதிய ஈரப்பதம் 30-க்குக் கீழே, காற்று வலு என்று போட்டிருந்தால் அன்றைக்குத் தீப்பெட்டியை எடுக்காதீர்கள். கருவி எதுவும் இல்லையா? புளியமரத்துக் கிளை மொத்தமாக ஆடினால், இட்டேரியில் புழுதி எழும்பிப் பறந்தால், அன்றைக்கு வேண்டாம்.

நேரம் விடிகாலை. பனி ஈரம் இருக்கும்போதே தொடங்கி, எட்டு எட்டரைக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துவிட வேண்டும். சாயங்காலம் வைப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள், ஈரம் ஏறும் நேரம் என்பது உண்மைதான். ஆனால் நம் பக்கம் சாயங்காலக் காற்றை நம்ப முடியாது, இருட்டில் பொறி எங்கே விழுந்தது என்றும் தெரியாது, வைத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்.

பெரிய குவியலாக ஒன்று போடாமல் சின்னச் சின்னதாகப் போடுங்கள். சுற்றி நாலைந்து மீட்டர் உழுத வெறும் மண் வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கோடியிலிருந்து பற்றவைத்தால் தீ காற்றுக்கு எதிராக ஊர்ந்து மெதுவாக எரியும். காற்று வரும் பக்கம் வைத்தால் ஓட்டம் பிடிக்கும், பெரும்பாலானவர்கள் புகை முகத்தில் படக்கூடாதென்று இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். மருந்தடிக்கும் டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிய ஒரு ஆள், பச்சைத் தழைக்கொம்புடன் இன்னொரு ஆள் நிற்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். மலையோரத்தில் இருக்கிறவர்கள் வெயக்காலத்தில் வைக்கவே கூடாது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஆனி மாதம் வெட்டிப்போட்ட வேலிமுள்ளுக்குப் பதினோரு மணிக்குத் தீ வைத்தார்கள். காற்று அப்போது சும்மாதான் இருந்தது. பன்னிரண்டரைக்கு எழும்பியது. எங்கள் சோளத்தட்டுப் போரும், அதற்கு நிழல் தந்துகொண்டிருந்த இரண்டு வேப்பமரமும் போயின. மாடுகளை அவிழ்த்துவிட நேரம் இருந்தது, அவ்வளவுதான். வைத்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினோரு மணிக்குக் காற்றில்லை என்பதை அவர் நம்பினார், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தட்டுப்போர், சாளை, தென்னந்தோப்பு இவற்றுக்கு என்ன ஏற்பாடு?

போரை ஒன்றாகப் போடாமல் இரண்டாகப் பிரித்து, இடையில் வண்டி போகும் அளவு இடம் விடுங்கள். மின்கம்பிக்கு அடியிலும், அடுப்படிப் புகைபோக்கி இருக்கும் பக்கம் காற்றோட்டத்திலும் போடக்கூடாது. தென்னந்தோப்பில் காய்ந்த மட்டை, பன்னாடை, பாளையை மரத்திலேயே தொங்கவிட்டால் தரைத்தீ அதைப் பிடித்துக் கொண்டைக்கு ஏறும். பனைமரத்தில் இது இன்னும் மோசம், வெட்டாமல் விட்ட காவோலை மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தூள் குவித்து வைத்திருப்பவர்களுக்கு: அது மேலே அணைந்த மாதிரி தெரிந்தும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டால்தான் அடங்கும்.

காட்டுக்குள் வனத்துறை தீக்கோடு போடுகிறதே, அது போதாதா?

வெயில் முற்றுவதற்கு முன் புல்லைச் செதுக்கி அல்லது கட்டுப்பாட்டோடு எரித்து வெறும் தரையாக்கி வைப்பதுதான் தீத்தடுப்புக் கோடு. ஊர்ந்து வரும் தரைத்தீ அங்கே வந்து நிற்கும். தீத்தடுப்புக் காவலர்களும் வேட்டைத்தடுப்புக் காவலர்களும் நின்று அணைக்க ஓர் இடம் கிடைக்கும், அது பெரிய உதவி. காற்று வலுத்துப் பொறி பறந்தால் கோடு அகலமாக இருந்தாலும் தாண்டும். அந்தக் காவலர்களில் பலர் அடிவாரத்துப் பழங்குடிக் கிராமங்களின் பிள்ளைகள். பச்சைக் கொம்பும் சருகு தள்ளும் ஊதுகருவியும் தண்ணீர்ப் புட்டியும்தான் அவர்கள் கையில் இருக்கும். யானை நடமாட்டமுள்ள சரிவில், இராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஊரில் அவர்களைப் பார்த்தால் ஒரு வார்த்தை நலம் கேளுங்கள்.

ஹெலிகாப்டர் வைத்து அணைக்கிறார்களே?

2023 ஏப்ரலில் மதுக்கரை வனச்சரகத்தில், ஆலாந்துறைக்கு மேலே மலையில் தீ பல நாள் எரிந்தபோது சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, மலம்புழா அணையில் வாளி முக்கி எடுத்துத் தண்ணீர் கொட்டியது. 2024 மார்ச்சில் குன்னூரிலும் அப்படியே. ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறைக்கு அது நல்ல வழி. ஆனாலும் மேலிருந்து விழும் தண்ணீர் தீயின் வேகத்தைத் தணிக்கும், அவ்வளவே. கீழே ஆள் போய்க் கங்குகளை மிதித்து அணைக்காவிட்டால் மறுநாள் காற்றில் மறுபடி எழும்பும்.

வெள்ளியங்கிரி போகிறோம். கற்பூரம்கூட ஏற்றக் கூடாதா?

மலையேற அனுமதி தரும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்கள் அப்படியே தீக்காலம். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஆயிரக்கணக்கில் ஏறுகிறோம். ஏழாவது மலைக்குப் போகும் வழியில் புல்வெளி, அங்கே குளிரும் காற்றும் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். குளிர் காய்வதற்குச் சருகு கூட்டிப் பற்றவைப்பதுதான் மிகப் பெரிய தப்பு. கம்பளி எடுத்துப் போங்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டியைச் சோதனைச் சாவடியில் கேட்டு வாங்குகிறார்கள் என்றால் கோபப்படாமல் கொடுத்துவிடுங்கள். ஈசனுக்கு நம் கற்பூரம் எவ்வளவு வேண்டுமோ தெரியாது, அந்த மலை அவருக்கு வேண்டும்.

எரிந்த இடத்தில் புதுப்புல் நன்றாக வருகிறதே. பெரியவர்களே வைத்தார்கள் என்கிறார்களே?

இளம்புல் வரும் என்பது உண்மை. பெரியவர்கள் வைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் எப்போது, எப்படி வைத்தார்கள் என்பதை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பர்கூர், தாளவாடி மலைகளிலும் எல்லைக்கு அப்பால் பிளிகிரிரங்கன் மலையிலும் வாழும் சோளகர்கள் வெயில் முற்றுவதற்கு முன்பே, தரையில் ஈரம் இருக்கும்போதே, சருகை மட்டும் எரிக்கும் தாழ்ந்த தீ வைப்பது வழக்கமாக இருந்தது. "தரகு பெங்கி", அதாவது சருகுத் தீ, என்பார்கள். கணுக்கால் உயரத் தீ. ஆண்டுக்கு ஆண்டு சருகு சேராமல் அது பார்த்துக்கொண்டது. வனச்சட்டங்கள் வந்த பிறகு அது நின்றது. தீயை நிறுத்திய பிறகுதான் உண்ணிச்செடி (லண்டானா) பெருகியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்வதை ஆராய்ச்சியாளர்களும் இப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அதற்காக ஏப்ரல் மதியத்தில் மேய்ச்சலுக்காக யாரோ ஒருவர் கொளுத்திவிட்டு ஓடுவதை அதோடு சேர்க்க முடியாது. அந்தத் தீ இடுப்பளவு எழும், மரக்கன்றுகளையும் நாற்றுகளையும் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் எரித்துவிடும். இப்போது காட்டுக்குள் ஆளுயரப் புதராக உண்ணி மண்டியிருக்கிறது. காய்ந்த உண்ணியில் பிடித்த தீ தரையை விட்டுக் கிளைக்கு ஏறும் ஏணி மாதிரி. பழைய தீ இன்றைய புதரில் பழைய மாதிரி எரியாது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ம் ஆண்டு வனச்சட்டப்படியும், சரணாலயத்துக்குள் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம்.

தீயைப் பார்த்தால் யாருக்குச் சொல்வது?

101 அல்லது 112. மலையில் என்றால் உங்கள் வனச்சரக அலுவலக எண்ணையும் இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். செயற்கைக்கோள் பார்த்து டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை அனுப்புகிறது, ஆனால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே வரும் நேரத்தில்தான் பார்க்கும். மேட்டில் நிற்கும் ஆட்டுக்காரர் எந்நேரமும் பார்க்கிறார். எந்த ஊர், எந்தக் கரடு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது, அருகில் வண்டி போகத் தடம் உண்டா என்று சொன்னால் போதும்.

அணைத்துவிட்டோம். வீட்டுக்குப் போகலாமா?

இன்னும் போகாதீர்கள். எரிந்த இடத்தின் ஓரத்தை முழுக்க ஒரு சுற்று நடந்து வாருங்கள். சாணி வரட்டி, அடிக்கட்டை, வேர், கரையான் அரித்த பொந்து இவற்றுக்குள்தான் கனல் ஒளிந்திருக்கும். புறங்கையைத் தரைக்கு மேலே பிடித்துப் பாருங்கள், சூடு அடித்தால் மண்வெட்டியால் கிளறித் தண்ணீர் ஊற்றி மண்ணோடு பிசையுங்கள். மண்ணை மேலே மூடிவிட்டு மட்டும் போனால் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். வேப்பமரம் இரண்டும் போன அன்றைக்கு நாங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கே எல்லாம் முடிந்ததென்று கலைந்தோம். மறுநாள் பதினொன்றரைக்குக் காற்று எழும்பியபோது வேலியோரத்து ஒரு பனங்கட்டையிலிருந்து மறுபடி புகை வந்தது. அந்த முறை அதன் பக்கத்தில் என் மகன் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான்.